மலைக்கு எது சீசன்? பருவம் பார்த்து ஒருநாள் நடைக்கு மலை தேர்வது எப்படி

"ஊட்டிக்கு எப்ப சீசன்?" என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: ஏப்ரல், மே. மலர்க் கண்காட்சி நடக்கும், பள்ளி விடுமுறை, அறை வாடகை இரண்டு மடங்கு. அந்தச் சீசன் சமவெளியின் வெயிலை வைத்து வந்தது. கீழே வெந்துபோகிறவர்கள் மேலே குளிர்ச்சி தேடிப் போகும் மாதங்கள் அவை. காலையில் மலையேறி, காட்சி பார்த்து, இருட்டுவதற்குள் இறங்கிவிட நினைப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. பல சமயம் ஆபத்தாகவும் முடியும்.

நீலகிரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி. 2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஊட்டிக்குத் தென்கிழக்கே கேத்தி. 2009 நவம்பர் 10 அன்று அங்கே பதிவான ஒருநாள் மழையும் 80 சென்டிமீட்டருக்கு மேல். கோவை நகருக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 60, 70 சென்டிமீட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவலாஞ்சிக்கும் கேத்திக்கும் நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டர்கூட இல்லை. உயரத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒன்றுக்கு ஆகஸ்ட் பயம், இன்னொன்றுக்கு நவம்பர் பயம்.

ஆகவே 'நீலகிரிக்கு எந்த மாதம் போகலாம்' என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. 'நீலகிரியின் எந்தப் பக்கம்' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால், இணையத்தில் கிடைக்கும் '10 சிறந்த இடங்கள்' பட்டியல் எதுவும் இல்லாமலேயே உங்கள் மலையை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

மலை எப்படி மழையைப் பிழிகிறது

சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டிருப்பீர்கள். விரலில் படும் காற்று சில்லென்று இருக்கும். உள்ளே நெருக்கிக் கிடந்த காற்று வெளியே வந்ததும் விரிகிறது. விரியும் காற்று குளிரும். பம்பு அடிக்கும்போது இதற்கு நேர்மாறு. நெருக்கப்படும் காற்று சூடாகிறது, பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுகிறது. மலையில் நடப்பதும் இந்த இரண்டும்தான்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதினால் அதற்குப் போக வேறு வழியில்லை, மேலே ஏறுகிறது. உயரே காற்றழுத்தம் குறைவு. அதனால் ஏற ஏற விரிகிறது, விரிய விரியக் குளிர்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, குளிர்ந்த காற்றில் இருந்த ஈரம் நுண்துளிகளாகத் திரள்கிறது. அதுதான் மேகம். எந்த உயரத்தில் இப்படித் திரளத் தொடங்குகிறதோ அதை மேக அடிமட்டம் என்கிறோம். நடப்பவருக்கு இது முக்கியமான கோடு. கீழே நின்று பார்த்தால் மேகம், உள்ளே போய் நின்றால் மூடுபனி. நீங்கள் போகும் காட்சிமுனை அன்றைய மேக அடிமட்டத்துக்கு மேலே இருந்தால், எட்டு கிலோமீட்டர் நடந்தும் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

ஈரத்தைக் கொட்டிவிட்ட காற்று முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறது. இறங்கும்போது நெருக்கப்பட்டு, பம்பின் அடிப்பகுதியைப் போலச் சூடாகிறது. சூடான உலர்காற்றில் மேகம் கரைந்துபோகும். இப்படி மழை எட்டாமல் போகும் மறுபக்கத்துக்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர். பள்ளிப் புவியியல் பாடத்தில் படித்த சொல்தான். ஆனால் பயணம் திட்டமிடும்போது அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க நல்ல இடம் தேனி மாவட்டம். ஜூலையில் மூணாறில் நாள் முழுக்க மழை ஊற்றிக்கொண்டிருக்கும். அதே நாளில் முகட்டுக்குக் கிழக்கே, போடிநாயக்கனூரில் நின்று அண்ணாந்து பார்த்தால், மலையின் தலையில் பஞ்சுப்பொதி வைத்த மாதிரி மேகம் உட்கார்ந்திருக்கும். அதன் கிழக்கு விளிம்பு கத்தரித்துவிட்டதுபோல ஒரே கோட்டில் நிற்கும். கீழே நல்ல வெயில், பலத்த காற்று.

மலைத்தொடரில் இடைவெளி இருந்தால் கதை மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மேற்குக் காற்று மோதாமல் உள்ளே நுழைந்துவிடும். குற்றாலம் கிழக்குப் பக்கம் இருந்தும் ஜூன், ஜூலையில் அங்கே சாரல் அடிப்பது அதனால்தான்.

சுருக்கமாக: காற்று மோதும் பக்கம் நனையும், மோதாத பக்கம் காயும். எந்த மாதத்தில் காற்று எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த கேள்வி.

இரண்டு பருவமழை, இரண்டு பக்கம்

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தையொட்டி கேரளத்தில் தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கும். காற்று அரபிக்கடலிலிருந்து வருவதால் மேற்குச் சரிவுகள் நனையும்: வயநாடு, கூடலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி, வால்பாறை, மூணாறு. வால்பாறை பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இந்த நான்கு மாதம் இங்கெல்லாம் நீண்ட நடையை நினைக்கவே வேண்டாம். மண்சரிவு, வழுக்குப் பாறை, அட்டை, காட்சி மறைக்கும் மேகம் எல்லாம் சேர்ந்தே வரும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை. காற்று வங்கக்கடலிலிருந்து வருகிறது. இப்போது நனைவது கிழக்குச் சரிவுகள்: குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலின் கிழக்கு, தெற்கு முகங்கள், சிறுமலை, கொல்லிமலை. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நாள்கணக்கில் நசநசவென்று பெய்யும். வடகிழக்குப் பருவமழை அப்படியில்லை. நான்கு நாள் வெயில் அடித்துவிட்டு, கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் இரண்டே நாளில் மாத மழையைக் கொட்டிவிடும். 'நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது' என்று நம்பிப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரியான எச்சரிக்கையைக் கிளம்புவதற்கு முந்தைய இரவும் அன்று அதிகாலையும் பாருங்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை வடக்கிலிருந்து தெற்காக விலகும். டிசம்பர் நடுவில் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் காய்ந்திருக்கும்போது, திருநெல்வேலிப் பக்கம் மழை முடிந்திருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 'டிசம்பர் வந்தாச்சு, மழை போயாச்சு' என்ற கணக்கைக் களக்காடு, முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கம் ஜனவரிக்குத் தள்ளிவைப்பது நல்லது.

இலங்கை மலையகத்தில் இதே இயக்கத்தை இன்னும் சின்ன இடத்துக்குள் பார்க்கலாம். தீவின் தென்மேற்கு முகத்தில் இருக்கும் சிவனொளிபாத மலைக்கு (2,243 மீட்டர்) யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை. கிழக்கு முகத்திலுள்ள ஊவாவிலோ ஜூலை, ஆகஸ்ட்தான் உலர்காலம். முகட்டைத் தாண்டி இறங்கும் அந்தச் சூடான காற்றைக் கச்சான் என்பார்கள். தேயிலைக்காரர்கள் இதைப் பல தலைமுறையாக அறிந்தவர்கள். உலர்காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் கூடும் என்பதால், ஊவாத் தேயிலைக்குச் சிறந்த காலம் ஜூலை முதல் செப்டம்பர், மேற்கு முகத்திலுள்ள டிம்புளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச். எந்தப் பக்கம் எப்போது காயும் என்பதை அந்தத் தேயிலை மாதங்களே சொல்லிவிடும்.

உயரம் எவ்வளவு குளிர்விக்கும்

ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். இதை வெப்பக் குறைவு வீதம் என்பார்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். வித்தியாசம் 2,226 மீட்டர், அதாவது 14 டிகிரி சொச்சம். கோவையில் 34 என்றால் தொட்டபெட்டா உச்சியில் 20-ஐ எதிர்பார்க்கலாம். காற்று வீசினால் உடம்புக்கு இன்னும் குறைவாகத் தெரியும்.

இந்தக் கணக்கு பகலுக்குத்தான். டிசம்பர், ஜனவரியில் மேகமற்ற இரவுகளில் இது தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமானது; சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் உறைபனி மேட்டைவிடத் தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகளில் முதலில் விழுகிறது. மேலே போகப் போகக் குளிர வேண்டியதற்குப் பதிலாக, கீழே குளிரும் மேலே கொஞ்சம் வெதுவெதுப்பும் இருக்கும் இந்த நிலைக்கு வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று பெயர்.

நடப்பவருக்கு இதனால் என்ன? காலை 6.30-க்கு ஓடையோரம் கிளம்பும்போதுதான் அன்றைய கடுங்குளிர். அரைமணி நேரம் ஏறினால் வியர்க்கும். தடித்த ஜெர்கினோடு ஏறி உள்சட்டை நனைந்துவிட்டால், உச்சியில் காற்று பட்டதும் நடுக்கம் எடுக்கும். பருத்திச் சட்டை ஈரத்தை விடாது, சீக்கிரம் காயவும் காயாது. மெல்லிய சட்டை இரண்டு, மேலே காற்றுத் தடுக்கும் ஜெர்கின் ஒன்று, பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய உலர்ந்த பனியன் ஒன்று. இது போதும். குளிருக்கு ஜெர்கின் போட்டுக் கிளம்பினாலும், பத்து நிமிடத்தில் அதைக் கழற்றிவிடுவது சரியான முறை.

வெள்ளிங்கிரியில் இதே தவறு கோடையிலும் நடக்கும். வனத்துறை அங்கே பிப்ரவரி முதல் மே வரை அனுமதிக்கிறது. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவில் மூங்கில் கழியூன்றி ஏறுகிறார்கள். அடிவாரத்துப் புழுக்கத்தில் சட்டை தொப்பலாக நனைந்து, ஏழாவது மலையில் காற்றுக்கு நிற்கும்போது கோடைதான் என்ற நினைப்பே இருக்காது.

தீக்காலம்: எல்லோரும் மறந்துவிடும் பருவம்

மழை இல்லாத காலமே நல்ல காலம் என்று நினைப்பதுதான் இதிலுள்ள மிகப் பெரிய தவறு. மழை நின்று, பனியும் வெயிலும் மாறிமாறி அடித்துக் காய்ந்த புல், ஜனவரி கடைசியிலிருந்தே விறகாகத் தயாராகிவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை உலர்ந்த சரிவுகளில் தீக்காலம்.

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிவந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மழை மறைவுக்கு எடுத்துக்காட்டாகப் போடிநாயக்கனூரிலிருந்து பார்த்தோமே, அதே மலைப்பக்கம்தான் இது. ஜூலையில் அந்தச் சரிவைக் காயவைத்து நடக்க ஏற்றதாக்கும் காரணமே மார்ச்சில் அதைத் தீக்கு இரையாக்குகிறது.

தீ ஏன் சரிவில் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்துத் தலையைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பாருங்கள், சட்டென்று விரலை நோக்கி ஏறும். தலையை மேலே வைத்துப் பிடித்தால் மெதுவாக எரியும். சுவாலையும் சூடும் மேல்நோக்கிப் போவதால், மேலே இருக்கும் பகுதி தீ வருவதற்கு முன்பே சூடேறிக் காய்ந்து, தொட்டதும் பற்றிக்கொள்கிறது. மலைச்சரிவும் அதே மாதிரிதான். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 30 டிகிரிச் சரிவில் சமதரையைவிட எட்டு மடங்கு. ஏற்றத்தில் மூச்சுவாங்கி நடக்கும் மனிதர் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூடப் போகமாட்டார். ஆகவே தீக்கு மேலே ஓடித் தப்பிப்பது நடக்காது.

எப்போதாவது புகை கண்டால் மேல்நோக்கி ஓடாமல், சரிவுக்குக் குறுக்காக நகர்ந்து தீயின் பாதையிலிருந்து விலகுங்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, அகன்ற மொட்டைப் பாறை, பசுமை மாறாத அடர்ந்த சோலை ஆகியவை ஒதுங்க ஏற்ற இடங்கள். இரண்டு பக்கமும் செங்குத்தாக நெருங்கிய ஓடைப் பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். தண்ணீர் இல்லாத பள்ளம் அடுப்பின் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும், சூட்டையும் புகையையும் இழுத்து மேலே அனுப்பும்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்து, இணைய முன்பதிவும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்தது. 2025-இல் அந்தப் பாதைகள் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலத்துக்காக மூடப்பட்டன. கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவும் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடப்படும். வரையாடு குட்டி ஈனும் காலம் அது. காட்டுக்குள் போகும் எந்தப் பாதைக்கும் அனுமதி கட்டாயம். 'ஊர்க்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போறார்' என்பது அனுமதி ஆகாது. உள்ளே போனவர் பெயர் செக்போஸ்ட் பதிவேட்டில் இல்லையென்றால், தீயோ வெள்ளமோ வரும்போது தேடவேண்டும் என்றுகூட யாருக்கும் தெரியாது.

இதுவரை பார்த்தது: ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கிழக்கே போங்கள், மேற்கைத் தவிருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிழக்கைத் தவிருங்கள். மழை முடிந்ததும் எல்லாப் பக்கமும் திறக்கும், ஆனால் புல் காயும்வரைதான்.

ஒரு நாளுக்குள்ளும் பருவம் உண்டு

ஏப்ரல், மே மாதங்களில் காலை வானம் பளிச்சென்று இருக்கும். பத்து, பதினொரு மணிக்கு முகட்டின் மேல் சின்னச் சின்ன வெண்மேகம் முளைக்கும். சரிவு வெயிலில் சூடாகி, அதையொட்டிய காற்று மேலே கிளம்புவதால் வருவது இது. நண்பகலில் அவை காலிஃபிளவர் மாதிரி உயரமாக வளர ஆரம்பித்தால், இரண்டு மணிக்கு மேல் கோடை இடிமழை வர நிறைய வாய்ப்பு. மரமில்லாத முகட்டில் நீங்களே உயரமான பொருள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, அப்போதே முகட்டைவிட்டு இறங்கிவிடுங்கள். தனி மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் கழித்துத்தான் திறந்தவெளிக்கு வர வேண்டும்.

காட்சிக்கும் நேரம் உண்டு. மழை கழுவிவிட்ட காற்றில் தூசி இருக்காது. அதனால் டிசம்பர், ஜனவரியில் தொலைவு துல்லியமாகத் தெரியும். மார்ச் முதல் மே வரை தூசும் புகையும் கலந்து அடிவானம் சாம்பல் பூசியிருக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பள்ளத்தாக்கின் மடிப்பெல்லாம் தெளிவாகத் தெரியும். ஆகவே மேற்கு நோக்கிய முனைக்குக் காலையிலும், கிழக்கு நோக்கிய முனைக்கு மதியத்துக்கு மேலும் போவது பொது விதி. மேகக்கடல் மட்டும் விதிவிலக்கு. பள்ளத்தில் தேங்கிய குளிர்காற்றோடு மூடுபனியும் கீழேயே படுத்திருக்கும்போது, சூரிய உதயத்தில் மேலே நின்றால் காலடியில் வெள்ளைக் கடல். வெயில் ஏற ஏற அது கலைந்துவிடும்.

நேரக் கணக்கு போடுவது எப்படி

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம்.

6 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்று ஒரு பாதையை வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம், கூட்டினால் 2 மணி 42 நிமிடம். இது பழகிய காலுக்கு. புதியவரும் குழுவாகப் போகிறவர்களும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும்: நான்கு மணி நேரம். இறக்கத்துக்கு மூன்று மணி, சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி. மொத்தம் எட்டு. காலை 7-க்குக் கிளம்பினால் பிற்பகல் 3-க்குக் கீழே வரலாம். ஒன்பதரைக்குக் கிளம்பினால் ஐந்தரை.

கோவைப் பக்கம் ஜூன் கடைசியில் சூரியன் மறைய மாலை 6.50 ஆகிவிடும், நவம்பர் கடைசியில் 6 மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும். கிழக்குச் சரிவில் இறங்கினால் முகடு வெயிலை மறைத்து, நாலரைக்கே நிழல் விழும். காட்டுப் பாதையில் ஐந்து மணிக்கு மேல் யானையும் காட்டெருமையும் தண்ணீருக்கு வரும் நேரம். ஆகவே உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், நீங்கள் முன்பே குறித்த திரும்பும் நேரம் வந்துவிட்டால் திரும்பிவிட வேண்டும். மேலே சொன்ன பாதைக்கு 7 மணிக்குக் கிளம்பியிருந்தால், திரும்பும் நேரம் பகல் 12.

தண்ணீர் குளிர்காலத்தில் மணிக்கு அரை லிட்டர், கோடையில் முக்கால் லிட்டராவது வேண்டும். பிப்ரவரிக்கு மேல் வழியிலுள்ள ஊற்றை நம்பாதீர்கள்.

ஓடையும் அட்டையும்

மழைக்காலத்து ஓடை, உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையை வைத்துப் பெருகுவதில்லை. பல கிலோமீட்டர் மேலே பெய்ததை வைத்துப் பெருகும். சதுரகிரிப் பாதை பல ஓடைகளைக் கடந்து போவது. 2015 மே மாதத்தில் அங்கே திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். மே மாதம் பருவமழைக் காலமே அல்ல, கோடை மழைதான். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள். ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொட்டால் கடக்க வேண்டாம். அந்தக் கரையிலேயே காத்திருங்கள், மேலே மழை நின்றால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

அட்டை ஆபத்தில்லை, தொல்லைதான். ஜூன் முதல் டிசம்பர் வரை சோலைக்குள்ளும் ஈரச் சருகிலும் இருக்கும். பேன்ட்டைக் காலுறைக்குள் திணித்து, காலுறையின் மேல் சுண்ணாம்போ உப்போ புகையிலைத் தண்ணீரோ தடவிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், நகத்தைத் தோலோடு வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் வாய் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு பொருளை அது செலுத்தியிருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கசியும். பயப்பட வேண்டாம், அழுத்திக் கட்டினால் போதும்.

மாதங்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏலகிரியின் சுவாமிமலை, ஜவ்வாது, ஏற்காட்டின் சேர்வராயன் மலை, கொல்லிமலை. ஆகஸ்ட், செப்டம்பரில் இந்த மலைகளில் மாலை இடிமழை உண்டு, அதனால் நடையை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையின் ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி; இறங்கும்போது சுலபம். திரும்ப ஏறும்போதுதான் முழங்கால் கேட்கும்.

அக்டோபர், நவம்பர் நடுத்தர மாதங்கள். மேற்குப் பக்கம் மழை தளர்ந்திருக்கும், கிழக்கே ஆரம்பித்திருக்கும். நீண்ட மலையேற்றத்தைத் தள்ளிப்போட்டு, சாலைக்கு அருகிலேயே இருக்கும் இரண்டு மணி நேரச் சோலை நடைகளை வைத்துக்கொள்ளலாம். கோத்தகிரி லாங்வுட் சோலை அப்படி ஒன்று. அதுவும் எச்சரிக்கை இல்லாத நாளில் மட்டும்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை உயரமான மேற்குப் புல்வெளிகளுக்கு உரிய காலம். வயநாட்டின் செம்பரா, மூணாறு, அவலாஞ்சிப் பக்கம். புல் இன்னும் பசுமை விடாமல், காற்று தெளிந்து, ஓடையில் தண்ணீர் அளவாக ஓடும் எட்டு வாரம். கேரளத்தின் அகத்தியர்கூட மலைக்கு வனத்துறை அனுமதி தருவதும் ஜனவரியை ஒட்டித்தான். ஒருநாள் நடைக்கு ஆண்டில் ஒரே ஒரு முறை விடுப்பு எடுக்க முடியும் என்றால் ஜனவரியில் எடுங்கள்.

பிப்ரவரி நடுவுக்குப் பிறகு புல்சரிவு வேண்டாம். அனுமதி இருக்கும் சோலை நிழல், தேயிலைத் தோட்டப் பாதை, அதிகாலை நேரம். கோடை மழை நாலைந்து பெய்து புல் துளிர்த்த பிறகு, ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் உயரமான மலைகள் மறுபடி உயிர் பெறும். அப்போது நடை காலையில் மட்டும்.

அடிவாரத்தில் கேட்க வேண்டியவை

எந்தச் செயலியும் சொல்லாத தகவல் அடிவாரத்து டீக்கடையிலும் வன செக்போஸ்டிலும் இருக்கும். வேட்டைத்தடுப்புக் காவலரிடமோ, எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் அக்காவிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். நேற்று மாலை மேலே மழை எத்தனை மணிக்குப் பிடித்தது? ஓடையில் தண்ணீர் எதுவரை வருகிறது? இந்த வாரம் ஆனை எந்தப் பக்கம் நிற்கிறது? மூன்றில் ஒன்றுக்கு "இன்னிக்கு வேண்டாம்ப்பா" என்று பதில் வந்தாலும், அங்கேயே உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, எந்த நாள் சரிப்படும் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்புங்கள்.